ஞாயிற்றுக்கிழமைச் சாலை

லண்டனிலிருந்து மேற்கே பாத் நகரத்துக்குச் செல்லும் பழைய ராஜபாட்டையில், 1920-களில் ஒரு கோடைக்கால ஞாயிற்றுக்கிழமை, கிழக்கு வெளுத்தும் வெளுக்காமலும் இருக்கிற வேளையில், வழிப்போக்கன் ஒருவன் நின்று பார்த்திருந்தானானால், அவன் கண்ட காட்சி அவனைச் சிறிது கலவரப்படுத்தியே இருக்கும். கழுத்து முதல் கணுக்கால் வரையில் கறுப்பு உடுத்த ஓர் இளைஞன், சைக்கிளின்மேல் முதுகு வளையக் குனிந்தபடி, இப்புறம் அப்புறம் பாராமல், காற்றாய்ப் பறந்து போவான். சரியாக ஒரு நிமிஷம் கழித்து அதே கோலத்தில் இன்னொருவன் வருவான். மேலும் ஒரு நிமிஷம் சென்றபின் மற்றொருவன். சாலையோரத்து மரத்தடியில் கையில் கடிகாரமும் ஒரு துண்டுக் காகிதமுமாகப் பெரியவர் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். கைதட்டுவாரும் இல்லை, கூச்சலிடுவாரும் இல்லை. சட்டத்துக்குப் புறம்பான ஏதோ காரியம் நடக்கிறது என்று அந்த வழிப்போக்கன் ஐயுற்றிருந்தால் அவனைக் குறை சொல்ல முடியாது. உண்மையில் அங்கே நடந்தது ஒரு சைக்கிள் பந்தயம். தங்கள் நாட்டுப் பொதுச் சாலையில், ஒருவருக்கும் தீங்கு நினையாத ஒரு விளையாட்டை, ஏறக்குறைய ஐம்பது வருஷ காலம் இங்கிலாந்தின் சைக்கிள்காரர்கள் இவ்வாறு ஒளிந்து விளையாட நேர்ந்தது ஏன் என்பதும், அந்த ஒளிவு மறைவு எப்படி நீங்கிற்று என்பதும் விரிவாகச் சொல்லத்தக்க சரித்திரம்.

சரித்திரத்தின் தொடக்கம் கிழக்கு லண்டனில் உள்ள ஹாக்னி என்னும் பகுதியில். 1870-ஆம் வருஷம் ஜூன் மாதம் 22-ந் தேதி, அங்கே ஒரு விடுதியில் சில நண்பர்கள் கூடி ஒரு சைக்கிள் சங்கத்தை ஸ்தாபித்தார்கள். சார்லஸ் டிக்கன்ஸ் அதே மாதம் 9-ந் தேதிதான் காலமாகியிருந்தார். அவருடைய மறைவுக்காக நாடே துக்கித்திருந்த அந்த நாட்களில், அவர்மீது கொண்ட அபிமானத்தால், தங்கள் சங்கத்துக்கு அவருடைய கதாநாயகரின் பெயரையே வைத்துப் ‘பிக்விக் பைசிக்கிள் கிளப்’ என்று அழைத்தார்கள்; அங்கத்தினர் ஒவ்வொருவரும் அந்த நாவலின் பாத்திரம் ஒன்றின் பெயரைத் தரித்துக்கொள்வது என்ற வழக்கமும் அப்போது ஏற்பட்டதே. உலகத்தின் மிகப் பழைய சைக்கிள் சங்கம் தங்களுடையதே என்று அந்தச் சங்கத்தார் பெருமை பாராட்டுவதுண்டு. ஓர் இலக்கிய கர்த்தாவின் நினைவோடு ஒரு விளையாட்டுச் சங்கம் பிறந்தது என்பது எனக்கு மிகவும் பிரியமான செய்தி.

அந்தக் காலத்துச் சைக்கிளை நம்மில் பலர் படத்தில்தான் பார்த்திருப்போம். முன்சக்கரம் ஆள் மார்பளவு உயரம். பின்சக்கரம் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றே பெரிது. மிதிகட்டைகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன; சங்கிலி கிடையாது; ஆகவே ஒரு மிதிக்குச் சக்கரம் ஒரு சுற்றுத்தான் சுற்றும்; வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. ஒரு கல் தடுக்கினாலும் ஓட்டுகிறவன் தலைகுப்புற முன்னால் வீசப்படுவான். விலையும் அதிகம், அபாயமும் அதிகம். ஆகவே அது வசதியுள்ள வாலிபர்களின் வாகனமாகவே இருந்தது. அவர்கள் தனித்தனியே போகத் துணியவில்லை, கூட்டமாகப் போனார்கள். ராணுவத்தைப் போல் ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு காப்டன், ஒரு துணைக் காப்டன், சீருடை, எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஊதுகொம்புக்காரன். ஏறுவதற்கு ஓர் ஊதல், இறங்குவதற்கு ஓர் ஊதல், இருவர் இருவராக வரிசை கட்டுவதற்கு வேறோர் ஊதல். 1870-களிலும் 1880-களிலும் லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனைப் பக்கம் வருஷந்தோறும் நடந்த பெருங்கூட்டத்தில், பற்பல சங்கத்தார் தத்தம் சீருடையில் இருவர் இருவராக உயரச் சக்கரங்களின்மீது அணிவகுத்துச் சென்றதைப் பார்ப்பதற்கென்றே ஜனங்கள் திரளாக வந்தார்கள்.

இந்தப் படை நடையைக் கண்டு நாம் வெறும் ஆடம்பரம் என்று நினைத்துவிடலாகாது. சாலையில் அவர்களுக்கு விரோதிகள் மிகுதி. வண்டிக்காரர்கள் சாட்டையை வீசினார்கள். சிறுவர்கள் சக்கரத்தில் கம்பை நுழைத்தார்கள். நீதிபதிகளோ பெரும்பாலும் குதிரை வைத்திருப்பவர்களாகவே இருந்தார்கள். ஒன்றுகூடினாலொழிய நியாயம் கிடைக்காது என்பதை உணர்ந்து, 1878-இல் இரண்டு ஸ்தாபனங்களை ஏற்படுத்திக்கொண்டார்கள். பந்தயங்களைக் கவனிக்க ஒரு யூனியன். பின்னால் ‘தேசியச் சைக்கிள்காரர் யூனியன்’ என்று பெயர் பெற்றது அதுவே. யாத்திரை செய்பவர்களுக்காக ஹாரகேட் நகரில் தோன்றிய மற்றொன்று, பிற்காலத்தில் ‘சைக்கிள் யாத்திரிகர் கிளப்’ என்று பிரசித்தி அடைந்தது. செங்குத்தான இறக்கங்களின் உச்சியில் ‘அபாயம்’ என்ற பலகைகளை இந்தச் சங்கங்களே தங்கள் செலவில் நாட்டின. சைக்கிளும் ஒரு வண்டியே, சாலையில் செல்ல அதற்கும் உரிமை உண்டு என்று 1888-இல் பார்லிமெண்டு ஒரு சட்டத்தின் வாயிலாக ஒப்புக்கொண்டதற்குப் பின்னால் இவர்களுடைய விடாமுயற்சி இருந்தது. மற்றவர்களைத் தாண்டும்போது மணியடிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அதே சட்டம் விதித்தது.

அதற்குள் வாகனமே மாறிவிட்டது. கோவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-இல் ‘ரோவர்’ என்ற சைக்கிளை வெளிக்கொணர்ந்தார். இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்தைச் சங்கிலி இழுத்தது, கால் தரையில் எட்டியது. மூன்று வருஷம் சென்று பெல்ஃபாஸ்ட் நகரில் மிருக வைத்தியராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கரச் சைக்கிள் கல் தெருவில் குலுங்காமல் ஓட வேண்டும் என்ற தந்தையின் பரிவினால், காற்றடைத்த டயரைச் செய்தார். இன்று நம் ஊர்த் தெருக்களில் ஓடும் சைக்கிளுக்கும் அந்த ரோவருக்கும் உருவத்தில் பேதம் சொற்பமே. கிழவரும் பெண்களும் ஏறக்கூடிய வாகனமாயிற்று. விலை இறங்க இறங்க, குமாஸ்தாக்களும் ஆலைத் தொழிலாளரும் தவணையிலோ பழைய சரக்காகவோ ஒன்றை வாங்கிக்கொள்ள முடிந்தது.

இதனால் விளைந்த மாறுதல் பெரிது. 1893-ஆம் வருஷம் செப்டம்பரில், பிரைட்டன் நகரத்தைச் சேர்ந்த டெஸ்ஸி ரெனால்ட்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண், ஆண்களைப் போலக் காற்சட்டை அணிந்து, லண்டனுக்குப் போய் எட்டரை மணி நேரத்தில் ஊர் திரும்பினாள். போகவர ஏறக்குறைய 120 மைல். அவள் ஓட்டிய தூரத்தைவிட அவள் அணிந்த உடையைப் பற்றியே பத்திரிகைகள் அதிகம் எழுதின. மறு வருஷம் பர்மிங்ஹாம் நகரில், ராபர்ட் பிளாட்ச்ஃபோர்டு நடத்திய ‘கிளாரியன்’ என்ற சமதர்மப் பத்திரிகையின் வாசகர்கள் அதே பெயரில் ஒரு சைக்கிள் சங்கம் கண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமங்களுக்குச் சவாரி போய், அங்கே பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் விநியோகித்து, பசும்புல்லில் உட்கார்ந்து தேநீர் அருந்திவிட்டுத் திரும்புவார்கள். சாலையில் எதிர்ப்படும்போது ஒருவர் ‘பூட்ஸ்!’ என்று குரல் கொடுப்பார், மற்றவர் ‘ஸ்பர்ஸ்!’ என்று பதில் சொல்வார். அறிமுகத்துக்கு அது போதும். புகை கவிந்த தொழில் நகரத்தில் வாரமெல்லாம் அடைபட்டுக் கிடந்தவனுக்கு, வேலியோரப் பூவையும் வயலையும் காட்டியது இந்தச் சங்கச் சவாரிதான். இதைப் பந்தயத்தைவிட மேலான காரியம் என்றே நான் மதிக்கிறேன்.

ஆனால் இளமை இருக்குமிடத்தில் பந்தயமும் இருக்கும். லண்டன் சங்கத்தார் வடக்கே செல்லும் பெருஞ்சாலையிலும் மேற்கே பாத் சாலையிலும் ஒருசேரப் புறப்பட்டுப் போட்டியிட்டுக்கொண்டிருந்தார்கள். 1894-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் வடக்குச் சாலைக் கிளப்பார் நடத்திய 50 மைல் பந்தயத்தில், முன்னணியில் சென்ற சிலர் ஒரு குதிரை வண்டியைத் தாண்டினார்கள், குதிரை மிரண்டது, சைக்கிள்காரர்கள் ஒருவர்மேல் ஒருவராக உருண்டார்கள். வண்டியில் இருந்த சீமாட்டி போலீஸாரிடம் முறையிட்டாள். விழுந்தவர்களில் யாருக்கும் பெரிய காயம் இல்லை; ஆனால் சாலைப் பந்தயத்துக்கு விழுந்த அடி பலமானது. போலீஸார் கண்டிப்புக் காட்டினார்கள். இன்னும் கொஞ்சம் போனால் சைக்கிள்களையே சாலையிலிருந்து விலக்கிவிடுவார்களோ என்ற பீதி, ஏற்கெனவே சாலைப் பந்தயத்தை விரும்பாதிருந்த யூனியனைப் பற்றிக்கொண்டது. பந்தயம் வேண்டுமானால் கட்டி வைத்த ஓட்டத் தளங்களில் நடத்துங்கள் என்று அது சங்கங்களுக்குக் கட்டளையிட்டது. தென் லண்டனில் 1891-இல் திறக்கப்பட்ட ஹெர்ன் ஹில் தளம் அவற்றுள் ஒன்று. புனித வெள்ளியன்று அங்கே நடக்கும் போட்டிகள் 1903 முதல் பெயர் பெற்றவை. 1948 ஒலிம்பிக்கின் தளச் சைக்கிள் ஓட்டங்களும் அங்கே நடந்தவையே.

அந்த ஜூலை மாதத்துப் பந்தயத்தில் ஓட்டியவர்களுள் ஒருவர் ஃபிரெடெரிக் தாமஸ் பிட்லேக். மூன்று சக்கரச் சைக்கிளில் அவருக்கு நிகர் அக்காலத்தில் அரிது. அதற்கு முந்தின வருஷம் ஹெர்ன் ஹில் தளத்தில் 24 மணி நேரத்தில் 410 மைல் ஓட்டியவர். சாலையை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை; சாலையை இழந்துவிடும்படியான காரியத்தைச் செய்யவும் துணிவில்லை. ஆகவே ஒரு மத்திய மார்க்கம் கண்டார். போட்டியாளர் ஒருசேரப் புறப்பட வேண்டாம். இடைவெளி விட்டு ஒருவர்பின் ஒருவராகப் போகட்டும். எவரும் எவருடைய முதுகுக்குப் பின்னும் காற்றுக்கு ஒதுங்கக் கூடாது. யார் முன்னால் சேர்ந்தார் என்பது அல்ல, யார் குறைந்த நேரத்தில் தூரத்தைக் கடந்தார் என்பதே கணக்கு. இந்த முறைப்படி வடக்குச் சாலைக் கிளப்பார் 1895 அக்டோபர் 5-ந் தேதி 50 மைல் போட்டி ஒன்றை நடத்தினார்கள். வேடிக்கை பார்ப்பவனுக்குப் பந்தயமாகவே தோன்றாத பந்தயம் அது. அந்தத் தோற்றமே அதன் பாதுகாப்பு.

பின்னால் வந்தவர்கள் இந்த ஜாக்கிரதையை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தார்கள். பொழுது விடியும்போதே ஓட்டம் தொடங்கிவிடும். கண்ணை உறுத்தாத கறுப்பு உடை கட்டாயம். சைக்கிளில் மணி இருந்தாக வேண்டும். ஓடும் பாதையை ஊர்ப் பெயரால் குறிப்பதில்லை. எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு சங்கேதத்தால் குறிப்பார்கள். சங்கத்தாருக்கு அது விளங்கும், பிறருக்கு விளங்காது. போட்டியாளருக்கு அனுப்பும் தாளின் தலைப்பில் ‘அந்தரங்கம்’ என்று அச்சிட்டிருக்கும். சைக்கிள் பத்திரிகைகளும் பந்தயம் முடிந்த பிறகு அதன் முடிவை வெளியிடுமேயன்றி, நடக்கப் போகிற இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டி வெளியிடமாட்டா. 1922-இல் இதற்கென ஒரு கௌன்ஸில் ஏற்பட்டது. 1937-இல் அதன் பெயரும் அமைப்பும் திருத்தப்பட்டன. 25 மைல், 50 மைல், 100 மைல், 12 மணி, 24 மணி என்று போட்டிகள் வகுக்கப்பட்டன. 1938-இல் ஜார்ஜ் ஃபிளெமிங் என்பவர் 25 மைல் தூரத்தை 59 நிமிஷம் 29 வினாடியில் முடித்து, ஒரு மணிக்குள் அதை முடித்த முதல்வர் என்று பதிவு பெற்றார். கூட்டமில்லாத சாலையில், விடியற்காலையில், கடிகாரம் பிடித்த சிலர் மட்டுமே சாட்சியாக.

இந்த வாழ்க்கையில் ஒரு தனி மகிமை இருந்ததை மறுக்க முடியாது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் பந்தயம் நடக்கும் ஊர்ப்பக்கம் சைக்கிளிலேயே போய்ச் சேர்வார்கள். கிடைத்த இடத்தில் படுப்பார்கள். இருட்டிலே எழுந்து, ஓட்டி முடித்து, மறுபடியும் சைக்கிளிலேயே வீடு திரும்புவார்கள். பரிசு அற்பம். திருப்பத்தில் நின்று வழி காட்டுபவர், நேரம் குறிப்பவர், தேநீர் காய்ச்சுபவர் யாவரும் அதே சங்கத்தின் பழைய ஓட்டக்காரர்களே, கூலி வாங்காதவர்கள். முதல் உலக யுத்தத்தில் மாண்ட சைக்கிள்காரர்களுக்காக கோவென்ட்ரிக்கு அருகிலுள்ள மெரிடன் கிராமத்தில் 1921-இல் ஒரு கல் ஸ்தூபி நாட்டியபோது, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் பல்லாயிரம் பேர் சைக்கிளில் வந்து தலைவணங்கி நின்றார்கள் என்றால், அந்தச் சங்கங்களுக்குள் நிலவிய பந்தம் எத்தகையது என்பது விளங்கும்.

என்றாலும் ஐரோப்பாக் கண்டத்தில் விளையாட்டு வேறு திசையில் வளர்ந்துவிட்டது. பிரான்ஸிலும் இத்தாலியிலும் நூறு பேர் ஒருசேரப் புறப்பட்டு, நகரங்களின் நடுவே ஆரவாரத்தினிடையே ஓட்டினார்கள். வுல்வர்ஹாம்ப்டன் நகரத்தைச் சேர்ந்த பெர்ஸி ஸ்டாலர்டு, 1933 முதல் மூன்று வருஷம் உலகப் போட்டிகளில் இங்கிலாந்தின் சார்பில் ஓட்டி, அந்த வித்தியாசத்தை நேரில் கண்டவர். கும்பலுக்குள் ஓட்டும் வித்தை தம் நாட்டாருக்கு ஏன் கைவரவில்லை என்பதற்கு விடை அவருக்குத் தெளிவாக இருந்தது: பழகச் சாலை இல்லை. மோட்டார்ப் பந்தயத் தளங்களிலும் மான் தீவிலும் மட்டுமே ஒருசேரப் புறப்படும் ஓட்டத்துக்கு அங்கே இடம் இருந்தது. இரண்டாம் யுத்தம் வந்து, பெட்ரோல் தட்டுப்பாட்டினால் சாலைகள் வெறிச்சோடிக் கிடந்தபோது, இதைவிடத் தக்க தருணம் வாய்க்காது என்று அவர் யூனியனுக்கு எழுதினார். யூனியன் இணங்கவில்லை. ஆகவே அவரே போலீஸ் அதிகாரிகளைக் கண்டு பேசினார். ஐம்பது வருஷமாக எந்தப் போலீஸாருக்குப் பயந்து சங்கத்தார் இருளில் ஓட்டினார்களோ, அந்தப் போலீஸார் ஆட்சேபிக்கவில்லை, ஒத்தாசையும் செய்தார்கள். இந்த ஒரு செய்தியை நான் முதன்முதல் படித்தபோது வெகுநேரம் அதையே சிந்தித்துக்கொண்டிருந்தேன்.

1942 ஜூன் 7-ந் தேதி, வேல்ஸ் நாட்டு லாங்கோலனிலிருந்து வுல்வர்ஹாம்ப்டன் வரை 59 மைல் தூரம், ஏறக்குறைய நாற்பது பேர் ஒருசேரப் புறப்பட்டார்கள். நகரப் பூங்காவில் ஆயிரக்கணக்கான ஜனங்கள் காத்திருந்தார்கள். உள்ளூர்க்காரரான ஆல்பர்ட் பிரைஸ் முதலாவதாக வந்தார். வசூலான பணம் போர்வீரர் நலநிதிக்குப் போயிற்று. குதிரையும் மிரளவில்லை; சீமாட்டியும் முறையிடவில்லை. யூனியன் மட்டும் ஸ்டாலர்டைக் காலவரம்பின்றி விலக்கி வைத்தது. அவரோ பின்வாங்கவில்லை, அதே வருஷம் நவம்பரில் பக்ஸ்டன் நகரில் ‘பிரிட்டிஷ் பந்தயச் சைக்கிள்காரர் லீக்’ என்ற எதிர் ஸ்தாபனம் பிறந்தது. பதினேழு வருஷம் நீடித்த சண்டை அது. ஒரே சங்கத்தின் அங்கத்தினர் இரு பிரிவாகப் பிளந்து, ஒரே தேநீர்க் கடையில் முகம் பாராமல் உட்கார்ந்த கசப்பான காலம். 1945-இல் லீக்கார் பிரைட்டனிலிருந்து கிளாஸ்கோ வரையில் பல நாள் பந்தயம் நடத்தினார்கள். 1951-இல் நாட்டைச் சுற்றி வரும் பந்தயம் ஒரு பெரிய பத்திரிகையின் ஆதரவைப் பெற்றது.

1955-இல் பிரிட்டனிலிருந்து முதன்முதலாக ஒரு கோஷ்டி பிரான்ஸைச் சுற்றும் பெரும் பந்தயத்துக்குப் போயிற்று. பதின்மரில் இறுதிவரை ஓட்டியவர் இருவரே. பிரையன் ராபின்ஸன் 29-ஆவதாக வந்தார். அந்தக் கோஷ்டி பெரும்பாலும் பர்மிங்ஹாம் ஹெர்குலிஸ் கம்பெனியின் ஆதரவில் உருவானது. ஹெர்குலிஸ் என்றால் தமிழ் வாசகர் யாருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. அந்தக் கம்பெனியை உட்கொண்டிருந்த டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனமும் முருகப்பா குடும்பத்தாரும் கூட்டாகச் சேர்ந்து 1949-இல் சென்னைக்கு அருகே அம்பத்தூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஹெர்குலிஸ் வண்டியில்தானே நம் தபால்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும் நாள்தோறும் போய்வந்தார்கள்!

1959-இல் இரண்டு ஸ்தாபனமும் ஒன்றாக இணைந்தன. இணைப்பைத் துரோகம் என்றே ஸ்டாலர்டு கருதினார். 2001-இல் காலமாகும் வரையில் அந்த அபிப்பிராயத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

ஸ்டாலர்டைக் கொண்டாடுகிறவர்களில் பலர் பிட்லேக்கைக் கோழை என்கிறார்கள். நான் அதற்கு உடன்படமாட்டேன். 1895-இல் அவர் கொண்ட பயம் நியாயமான பயம். அப்போது சட்டத்தின் தயவில் தொங்கிக்கொண்டிருந்த விளையாட்டை அவர் காப்பாற்றிக் கொடுத்தார். தவறு அவருக்குப் பின் வந்தவர்களுடையது; காரணம் மறைந்த பிறகும் பயத்தை அவர்கள் விதியாக வைத்துக்கொண்டார்கள். தனித்து ஓட்டும் அந்த முறை எத்தகைய மனிதரை உருவாக்கவல்லது என்பதற்கு யார்க்‌ஷயர் மாகாணத்துப் பெரில் பர்ட்டன் அம்மையார் சாட்சி. பண்ணை வேலையில் உடல் உரம் பெற்ற அந்த அம்மையார், 1967-இல் ஆட்லி சங்கத்தார் நடத்திய 12 மணிப் போட்டியில் 277¼ மைல் ஓட்டினார். அன்றே ஆண்களுக்கான புதிய சாதனையை ஏற்படுத்திக்கொண்டிருந்த மைக் மக்னமாராவை வழியில் எட்டிப் பிடித்தவர், தாண்டும்போது ஒரு மிட்டாயை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். ஆண்கள் அந்தத் தூரத்தை மிஞ்ச இரண்டு வருஷம் ஆயிற்று. பெண்களில் ஒருவர் மிஞ்ச ஐம்பது வருஷம்.

பிட்லேக் 1933-இல், லண்டனுக்கு வடக்கே பார்னெட் குன்றுச் சாலையில் சைக்கிளில் போகையில் ஒரு மோட்டார் கார் மோதிக் காயமுற்று, சில வாரத்தில் இறந்தார். மறு வருஷம் அவருடைய நண்பர்கள், அவர் எண்ணற்ற முறை ஓட்டிய அந்த வடக்குச் சாலையின் ஓரத்தில், சாண்டி என்னும் ஊருக்கு அருகே கிர்ட்ஃபர்டு பாலத்தின் பக்கத்தில், வழிச்செல்வோர் இளைப்பாறுவதற்காக ஒரு சிறு தோட்டம் அமைத்தார்கள்.

தென் லண்டனைச் சேர்ந்த காட்ஃபர்டு சைக்கிள் சங்கத்தார் 1887-இல் ஒரு மலையேற்றப் பந்தயம் தொடங்கினார்கள். யுத்த வருஷங்கள் போன்ற இடையீடுகளைத் தவிர அது இன்றும் வருஷந்தோறும் அக்டோபர் மாதத்தில் கெண்ட் மாகாணத்தில் யார்க்ஸ் ஹில் என்ற செங்குத்தான சந்தில் நடைபெறுகிறது. அரை மைலுக்கும் குறைந்த தூரம். நாலடிக்கு ஓரடி உயரும் ஏற்றம். வல்லவர்கள் இரண்டு நிமிஷத்துக்குள் ஏறிவிடுவார்கள். பிட்லேக் வகுத்தபடியே ஒரு நிமிஷத்துக்கு ஒருவராகப் புறப்படுகிறார்கள். சந்தின் இருபுறமும் ஜனங்கள் நெருக்கி நின்று, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி ஆரவாரித்து மேலே அனுப்புகிறார்கள்.